பொருத்திய றாம் முழுவதும் கணினியில் தெரியாவிட்டால்

கடந்த மாரியில் கோண்டாவிலிலிருந்து ஒரு தகப்பனும் உயர்தரம் படிக்கும் அவருடைய மகளும் தங்கள் மேசைக் கணினியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். அதில் முன்பு 4 ஜீபி றாம், அதாவது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம், இருந்தது. கனடாவிலுள்ள மாமா அனுப்பிய காசில் இன்னுமொரு 4 ஜீபி வாங்கிப் பொருத்தியிருந்தார்கள். ஆனால் 3.46 ஜீபியைத்தான் பயன்படுத்தலாம் என்று முன்பு காட்டியதையே கணினி திரும்பவும் காட்டிக்கொண்டிருந்தது. பாகங்கள் எல்லாம் பொருந்தும் முதன்மைப் பலகையான மதர்போர்ட் பழுது, அதை மாற்ற வேண்டும் என்று ஓரிடத்தில் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. உண்மையில் அந்தக் கணினியில் எதுவுமே பழுதாகவில்லை. அதில் நிறுவப்பட்டிருந்தது 32 பிற்று விண்டோஸ் என்பது மட்டுமே காரணம். ஒரு பிற்பகல் வேலையில், புதிதாக எதுவும் வாங்காமலே, 8 ஜீபியும் தெரிந்தது.

இவ்வாறு தேவையற்ற செலவுக்குத் தள்ளப்படுபவர்களை நான் அடிக்கடி காண்பதால் இதை விரிவாக எழுதுகிறேன். றாம் குறைவாகத் தெரிந்தால் எந்தப் பொருள் பழுது என்று முதலில் கேட்கக் கூடாது. எந்த இடத்தில் எண்ணிக்கை குறைகிறது என்றுதான் கேட்க வேண்டும். றாமில் ஒட்டியுள்ள தாளில் ஓர் எண் இருக்கிறது, கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயோஸ் என்ற நிரல் ஓர் எண்ணைச் சொல்கிறது, விண்டோஸ் இன்னோர் எண்ணைச் சொல்கிறது. இவற்றில் எந்த இரண்டுக்கு இடையில் இழப்பு நிகழ்கிறதோ, அந்த இடைவெளியில்தான் காரணம் இருக்கும். திருப்புளியை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்து இந்த எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்களை எடுக்கும் முறை

முதலாவது எண்ணுக்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு றாமின் மேலும் ஒட்டியுள்ள தாளை வாசிக்க வேண்டும். கொள்ளளவுடன், பிசி3, பிசி3எல், பிசி4 என்றவாறு தொடங்கும் குறியீட்டையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அது பின்னர் உதவும். கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தாலும் போதும்.

இரண்டாவது எண் பயோஸில் கிடைக்கும். கணினியை இயக்கியவுடன் டிலீட், எஃப்2, எஃப்10 ஆகிய விசைகளில் உங்கள் கணினிக்குரியதை விட்டு விட்டு அழுத்தினால் பயோஸ் திரை வரும். முதற் பக்கத்திலேயே மொத்த நினைவகம் எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கும். றாம் பொருத்தும் இடங்களான ஸ்லொட்களில் எதில் எத்தனை ஜீபி இருக்கிறது என்பதையும் சில மதர்போர்ட்கள் தனித்தனியாகக் காட்டும். அவ்வாறு காட்டினால் உங்கள் வேலையில் பாதி முடிந்ததுபோலத்தான்.

மூன்றாவது, விண்டோஸ் சொல்லும் கணக்கு. இதில் இரண்டு எண்கள் உள்ளன. செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குள் அபௌட் என்ற பக்கத்தைத் திறந்தால், நிறுவப்பட்ட றாம் 8 ஜீபி என்றும், பயன்படுத்தக்கூடியது 7.88 ஜீபி என்றும் அருகருகே எழுதப்பட்டிருக்கும். பின்னர் கொன்ட்ரோல், ஷிவ்ற், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் என்பதன் கீழ் மெமொறியைத் தெரிவுசெய்தால், எத்தனை ஸ்லொட்கள் பயன்பாட்டில் உள்ளன என்பதையும், ஹார்ட்வெயார் றிசேவ்ட் என்ற பெயரில் வன்பொருளுக்காக ஒதுக்கப்பட்ட அளவையும் காணலாம். 8 ஜீபியில் நூறு அல்லது இருநூறு மெகாபைற்று ஒதுக்கப்பட்டிருப்பது இயல்பானது. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஒதுக்கீடு 500 மெகாபைற்றைத் தாண்டினால் காரணத்தைத் தேடலாம். 4 ஜீபி, 8 ஜீபி என்று ஒரு முழு றாமின் அளவையே தொட்டால் கட்டாயம் தேட வேண்டும்.

பயோஸில் முழுத் தொகையும் தெரிந்து, விண்டோஸில் பயன்படுத்தக்கூடிய அளவு மட்டும் குறைந்திருந்தால், பெரும்பாலும் அது மென்பொருள் சார்ந்தது அல்லது அமைப்புச் சார்ந்தது. பயோஸிலேயே குறைந்திருந்தால் றாம், ஸ்லொட், போர்ட் (மதர்போர்ட்), புறோசெசர் ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். இந்தப் பிரிப்பில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு றாமிலும் அதன் கொள்ளளவையும் வேகத்தையும் சொல்லும் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. றாமின் தொடுமுனைகளில் சில மட்டும் சரியாகத் தொடாதபோது, அந்தச் சில்லு தன் விவரத்தைச் சொல்லிவிடும். ஆனால் நினைவகம் பயன்பாட்டுக்கு வராது. அப்போது விண்டோஸ் நிறுவப்பட்டது 8 ஜீபி, பயன்படுத்தக்கூடியது 3.9 ஜீபி என்று காட்டும். ஆகவே 64 பிற்று விண்டோஸில் ஏறக்குறைய ஒரு முழு றாமின் அளவு காணாமற் போயிருந்தால், அமைப்புகளைப் பார்த்து முடித்தவுடன் பெட்டியைத் திறக்கத் தயங்க வேண்டாம்.

32 பிற்று விண்டோஸ்

எங்கள் பகுதியில் நான் மிக அதிகமாகக் காணும் காரணம் இதுதான். அலுவலகங்களில் கழிக்கப்பட்டு இரண்டாம் கையாக வரும் கணினிகளும், பழைய இறுவட்டு ஒன்றையே எல்லாவற்றுக்கும் போட்டுக் கொடுத்த காலத்துக் கணினிகளும் இன்னும் பல வீடுகளில் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

ஓர் ஒழுங்கையிலுள்ள வீடுகளுக்கு இலக்கம் இடுவதுபோல, கணினி தன் நினைவகத்தின் ஒவ்வொரு பைற்றுக்கும் ஓர் இலக்கம் இடுகிறது. 32 பிற்றுகளைக் கொண்டு எழுதக்கூடிய இலக்கங்களின் தொகை 4,294,967,296. அதாவது சரியாக 4 ஜீபி. இந்த இலக்கங்கள் றாமுக்கு மட்டும் உரியவையல்ல. கிறபிக்ஸ் அட்டை, வலையமைப்பு அட்டை, பயோஸ் முதலியனவும் தமக்கு வேண்டியதை இதே தொகையிலிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. அவை எடுத்தது போக எஞ்சும் 3 முதல் 3.5 ஜீபி வரையான அளவைத்தான் றாமுக்குக் கொடுக்க முடியும். நீங்கள் 8 ஜீபி பொருத்தினாலும் 16 ஜீபி பொருத்தினாலும், இலக்கம் கிடைக்காத வீட்டுக்குத் தபால் போகாததைப் போல, மிகுதி றாம் சும்மா கிடக்கும்.

இதை உறுதிசெய்ய, முன்பு திறந்த அதே அபௌட் பக்கத்தில் சிஸ்டம் டைப் என்ற வரியைப் பாருங்கள். பணிசெயல் முறைமை 32 பிற்று என்றும் புறோசெசர் எக்ஸ்64 (அதாவது 64 பிற்று) வகை என்றும் எழுதப்பட்டிருந்தால் நல்ல செய்திதான்: புறோசெசருக்கு ஆற்றல் இருக்கிறது, விண்டோஸ் மட்டுமே தடையாக இருக்கிறது.

32 பிற்று விண்டோஸை அப்படியே 64 பிற்றாக மாற்றும் வழி இல்லை. அழித்துவிட்டுப் புதிதாக நிறுவ வேண்டும். ஆகவே முதலில் டெஸ்க்டொப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடப்பவை உட்பட எல்லாக் கோப்புகளையும் வெளி வன்தட்டில் பிரதிசெய்யுங்கள். பிள்ளையின் செயற்றிட்ட அறிக்கையும் குடும்பப் படங்களும் டொக்கியூமென்ட்ஸுக்குள் மட்டும் இருக்கும் என்று நம்பி, சி வன்தட்டுப் பகுதியை அழித்தபின் கலங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். விண்டோஸ் 10 முறையாகச் செயற்படுத்தப்பட்டிருந்தால், அதே பதிப்பின் 64 பிற்று வடிவத்துக்கும் அந்த உரிமமே செல்லும். ஆனால் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் எடுங்கள். விண்டோஸ் 11 இல் 32 பிற்று வடிவமே கிடையாது. எனினும் அது ரீபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உள்ள, ஒப்பீட்டளவில் புதிய கணினிகளையே ஏற்கும். ஏற்காத கணினியை எறிய வேண்டியதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக 64 பிற்று உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை நிறுவினால் றாம் முழுவதும் பயன்படும், பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் தொடர்ந்து கிடைக்கும்.

மாற்றுவதற்கு முன் உங்கள் பழைய அச்சுப்பொறிக்கும் ஸ்கானருக்கும் 64 பிற்று டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். 64 பிற்று விண்டோஸில் 16 பிற்று நிரல்கள் இயங்கா என்பதையும், தொண்ணூறுகளின் தட்டச்சு மென்பொருளை இன்னும் வைத்திருக்கும் அச்சகத்தினர் மனதில் வைத்திருக்க வேண்டும். பாமினி எழுத்துரு போன்ற சாதாரண எழுத்துருக்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

4 ஜீபி எல்லையை உடைப்பதாகச் சொல்லும் ஒட்டு நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. விண்டோஸின் மையக் கோப்புகளையே மாற்றும் அவற்றை நான் யாருடைய கணினியிலும் போடுவதில்லை.

மறந்துபோன ஒரு சரிக் குறி

64 பிற்று விண்டோஸ்தான் இருக்கிறது, ஆனாலும் பயன்படுத்தக்கூடிய அளவு குறைவு என்றால், அடுத்ததாக இதைப் பாருங்கள். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தினால் ரன் என்ற சிறிய பெட்டி திறக்கும். அதில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற 8 எழுத்துகளையும் இடைவெளியின்றித் தட்டச்சுசெய்து என்டர் அழுத்துங்கள். வரும் சாளரத்தில் பூட் என்ற பகுதிக்குச் சென்று, அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் என்பதைத் திறந்தால், மக்ஸிமம் மெமொறி என்ற ஒரு வரி இருக்கும். அதன் அருகே சரிக் குறி இடப்பட்டிருந்தால் அதை நீக்கி, ஓகே கொடுத்து, கணினியை மறுபடி தொடக்குங்கள்.

கணினியை வேகமாக்கும் வழி என்று சொல்லி, இந்த இடத்தில் சரிக் குறியிட்டுப் பெரிய எண் ஒன்றைத் தெரிவுசெய்யுமாறு பலர் அறிவுரை கூறுகிறார்கள். அது தவறு. அந்த வரி றாமைக் கூட்டுவதற்கானதல்ல. சோதனைக்காகக் குறைத்து வைப்பதற்கானது. றாம் 4 ஜீபியாக இருந்த காலத்தில் 4096 என்று குறித்து வைத்தவர், பின்னர் 8 ஜீபி பொருத்தும்போது அதை மறந்துபோயிருப்பார். குறி இல்லாமல் விடுவதே எப்போதும் சரி. லினக்ஸிலும் தொடக்கக் கட்டளை வரியில் நினைவக எல்லை ஒன்றை எழுதி வைக்கும் வசதி உண்டு. யாரோ அமைத்துக் கொடுத்த கணினியானால் லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிறப் என்ற நிரலின் அமைப்புக் கோப்பையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

விண்டோஸ் 7 இன்னும் வைத்திருப்பவர்கள் தங்கள் பதிப்பைப் பார்க்க வேண்டும். 64 பிற்று ஹோம் பேசிக் 8 ஜீபியோடும், ஹோம் பிறீமியம் 16 ஜீபியோடும் நின்றுவிடும். விண்டோஸ் 10 இன் 64 பிற்று ஹோம் பதிப்பு 128 ஜீபி வரை ஏற்பதால் வீட்டுக் கணினிகளில் இந்த எல்லை தடையாவதில்லை.

திரைக்காக எடுத்துக்கொள்ளப்படும் பங்கு

தனியான கிறபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில், திரையில் படம் வரைவதற்கான நினைவகமும் நீங்கள் வாங்கிய றாமிலிருந்தே எடுக்கப்படுகிறது. அண்மையில் ஏஎம்டி புறோசெசர் உள்ள மடிக்கணினி ஒன்றில் 4 ஜீபியோடு 8 ஜீபி சேர்த்து 12 ஜீபியாக்கினேன், பயன்படுத்தக்கூடியது 9.9 ஜீபி என்று வந்தது. இரண்டு றாமும் நன்றாகவே இருந்தன. 2 ஜீபி திரைக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. இன்ரெல் புறோசெசர்களில் நிலையாக ஒதுக்கப்படும் அளவு பொதுவாகச் சிறிது. தேவைப்படும்போது அவை கூடுதலாக எடுத்து, பின்னர் திருப்பிக் கொடுத்துவிடும்.

இதை மாற்ற வேண்டுமானால் பயோஸில் யூஎம்ஏ ஃபிறேம் பஃபர் அல்லது ஷெயார்ட் மெமொறி என்ற பெயரிலுள்ள அமைப்பைத் தேடி, 512 மெகாபைற்று அல்லது ஓட்டோ என்று வையுங்கள். மடிக்கணினிகள் பலவற்றில் இந்த அமைப்பு வெளியே காட்டப்படாது. அப்படியானால் அந்தக் கணினியில் அது மாற்ற முடியாத ஒன்று என்று விட்டுவிட வேண்டியதுதான். என் எண்ணத்தில், பிள்ளைகள் விளையாட்டுகளுக்கோ பொறியியல் வரைபடங்களுக்கோ பயன்படுத்தும் கணினியில் அந்த 2 ஜீபியை விட்டுவைப்பதே நல்லது. எழுதவும் கணக்குப் பார்க்கவும் மட்டும் பயன்படும் கணினியானால் குறைத்துக்கொள்ளலாம்.

பெட்டியைத் திறத்தல்

பயோஸிலேயே எண் குறைந்திருந்தால், அல்லது மேற்கூறியவை எதுவும் பலிக்காவிட்டால், பெட்டியைத் திறக்க வேண்டும். கணினியை முறையாக நிறுத்தி, பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிச்சை மட்டும் நிறுத்துவது போதாது. பின்னர் பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே எஞ்சியிருக்கும் மின்னேற்றம் வடிந்துவிடும். மடிக்கணினியில் பற்றரியைக் கழற்ற வேண்டும். உள்ளே பொருத்தப்பட்ட பற்றரியானால், போர்ட்டோடு சேரும் அதன் இணைப்பியைப் பிரிக்க வேண்டும். றாமைத் தொடுவதற்கு முன் பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியை ஒருதரம் தொட்டு, உங்கள் உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிவிடுங்கள். மாரிக் காற்றின் ஈரத்தில் நிலைமின் குறைவு என்றாலும், ஒரு விநாடியில் முடியும் இந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

இரண்டு முனைகளிலுமுள்ள கொளுவிகளை வெளிப்புறமாகத் தள்ளினால் றாம் மேலெழும். அதன் ஓரங்களைப் பிடித்துத் தூக்குங்கள். பொன்னிறத் தொடுமுனைகளில் விரல் படக் கூடாது. இப்போது அந்த முனைகளை ரோச் வெளிச்சத்தில் பாருங்கள். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துக் கணினிகளில் சோளகக் காலத்துச் செம்மண் புழுதி மாவாகப் படிந்திருக்கும். வேலணை, காரைநகர் போன்ற கடற்கரை ஊர்களிலிருந்து வருபவற்றில் உப்புக் காற்றால் முனைகள் மங்கிக் கறுத்திருக்கும்; சிலவற்றில் பச்சைக் களிம்பே பிடித்திருக்கும். ஸ்லொட்டுக்குள் எறும்புக் கூடும் பல்லி எச்சமும் கண்டிருக்கிறேன். நூற்றுக்கணக்கான முனைகளில் ஒன்றிரண்டு தொடாவிட்டாலும் அந்த றாம் முழுவதும் கணக்கில் வராமற் போகலாம்.

பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையான வெள்ளை அழிறப்பரால் முனைகளை மெதுவாக, மேலிருந்து விளிம்பு நோக்கி ஒரே திசையில் தேய்த்து, உதிரும் துகள்களை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். பின்னர் ஐசோபுறொப்பைல் அற்ககோலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மருந்தகத்தில் கேட்டால் சேர்ஜிகல் ஸ்பிரிட் தருவார்கள். சில வகைகளில் எண்ணெய் கலந்திருப்பதால் அது படலமாகத் தங்கிவிடும். ஐசோபுறொப்பைல் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல், வாசனைத் திரவியம் எதுவும் வேண்டாம். மண்தாளால் தேய்ப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன்: முனைகளின் மேலுள்ள பொன் பூச்சு மிக மெல்லியது, அது போனால் கீழேயுள்ள உலோகம் எங்கள் உப்புக் காற்றில் முன்னைவிட விரைவாகக் கெடும். அன்றைக்கு வேலை செய்த கணினி அடுத்த மாரியில் மறுபடி வரும்.

ஸ்லொட்டிலுள்ள தூசியைக் கைப்பம்பால் ஊதி அகற்றுங்கள். வாயால் ஊதினால் எச்சில் துளிகள் உள்ளே போகும். ஊசியையோ ஈர்க்கையோ உள்ளே விடாதீர்கள்.

றாமைத் திரும்பப் பொருத்தும்போது அதன் வெட்டும் ஸ்லொட்டின் மேடும் பொருந்துகின்றனவா என்று பார்த்து, இரண்டு முனைகளிலும் சமமாக அழுத்துங்கள். டிக் என்ற ஒலியுடன் கொளுவி தானாக மூட வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் கொளுவியுள்ள போர்ட்களில் மற்றப் பக்கம் அரைகுறையாக நிற்பது எளிதில் தெரியாது. நான்கு ஸ்லொட்கள் உள்ள போர்ட்டில் இரண்டு றாம்களையே பொருத்துவதானால், பெரும்பாலான போர்ட்கள் புறோசெசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதையும் நான்காவதையுமே விரும்புகின்றன.

ஒவ்வொன்றாகச் சோதித்தல்

துடைத்துப் பொருத்தியும் பயனில்லை என்றால், பொறுமையோடு செய்ய வேண்டிய சோதனை இது. இரண்டு றாம்களையும் கழற்றி, ஒன்றில் சிவப்பு, மற்றதில் நீலம் என்று சிறு ஒட்டுத்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். சிவப்பை மட்டும் முதல் ஸ்லொட்டில் வைத்துப் பயோஸ் எண்ணைப் பாருங்கள். பின் அதையே அடுத்த ஸ்லொட்டில் வைத்துப் பாருங்கள். நீலத்துக்கும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றியே மாற்ற வேண்டும். அலுப்பில் இதைத் தவறவிட்டு, நல்ல றாமை எரித்தவர்கள் உண்டு.

நீலம் எந்த ஸ்லொட்டிலும் தெரியவில்லை, சிவப்பு எல்லாவற்றிலும் தெரிகிறது என்றால் நீல றாமே குற்றவாளி. இரண்டு றாம்களும் ஒரு குறித்த ஸ்லொட்டில் மட்டும் தெரியவில்லை என்றால் றாம்கள் நல்லவை. பழுது அந்த ஸ்லொட்டிலோ அதற்குப் பின்னாலோ இருக்கிறது. தனித்தனியே எங்கு வைத்தாலும் தெரிந்து, சேர்த்து வைக்கும்போது மட்டும் ஒன்று மறைந்தால், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று கொள்ளலாம்.

ஸ்லொட்டுக்குப் பின்னால் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நினைவகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி முன்பு போர்ட்டில் இருந்தது. ஏஎம்டி 2003 இல் அத்லொன் 64 உடனும், இன்ரெல் 2008 இல் கோர் ஐ7 உடனும் அதைப் புறோசெசருக்குள் கொண்டுவந்துவிட்டன. ஆகவே இன்று புறோசெசரின் அடியிலுள்ள சொக்கற்றில் ஒரேயொரு ஊசிமுனை வளைந்தாலும் ஒரு ஸ்லொட்டோ, இரண்டு ஸ்லொட்கள் சேர்ந்த ஒரு தடமோ இறந்துவிடும். புறோசெசரின் மேலுள்ள குளிராக்கியை ஒரு பக்கம் மட்டும் இறுக்கமாகத் திருகினாலும் இதே விளைவு வரும். அண்மையில் விசிறியைக் கழற்றித் துப்புரவு செய்தபின்தான் றாம் குறைந்தது என்றால், குளிராக்கியின் திருகுகளைத் தளர்த்தி, மூலைக்கு மூலை மாறி மாறிச் சமமாக இறுக்கிப் பாருங்கள். வளைந்த முனையை நிமிர்த்துவது உருப்பெருக்கியோடும் அனுபவமுள்ள கையோடும் செய்ய வேண்டிய வேலை. பழக்கமில்லாதவர்கள் அதில் இறங்க வேண்டாம்.

போர்ட் ஏற்காத றாம்

ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. ஜி41 சிப்செற் (போர்ட்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) உள்ள பழைய போர்ட்கள் 8 ஜீபியோடும், எச்61 உள்ளவை 16 ஜீபியோடும் முடிந்துவிடும். இன்ரெல்லின் 4ஆம் தலைமுறை வரையான சாதாரண மேசைக் கணினிகளில் ஒரு ஸ்லொட்டுக்கு 8 ஜீபியே உச்சம். டிடிஆர்3 என்ற தலைமுறையைச் சேர்ந்த 16 ஜீபி றாம் ஒன்றை அதில் வைத்துப் பயனில்லை. போர்ட்டில் அச்சிடப்பட்டுள்ள மாதிரி இலக்கத்தைக் கொண்டு தயாரிப்பாளரின் கைந்நூலைத் தேடினால் இந்த எல்லை தெளிவாக எழுதப்பட்டிருக்கும்.

மொத்த அளவு எல்லைக்குள் இருந்தாலும் சிக்கல் வரலாம். ஜி41 போர்ட்டில், இருபுறமும் சேர்த்து 16 சில்லுகள் உள்ள 4 ஜீபி றாம் வேலை செய்யும். ஒரு புறம் மட்டும் 8 சில்லுகள் உள்ள அதே 4 ஜீபி பல வேளைகளில் தெரியாது. பிந்தியதில் ஒவ்வொரு சில்லும் இரட்டிப்புக் கொள்ளளவுடையது. அந்தப் பழைய சிப்செற் அவ்வளவு அடர்த்தியை வாசிக்கப் பழகவில்லை. ஏஎம்டிக்கு மட்டும் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டு இணையவழி விற்கப்படும் மலிவான டிடிஆர்2, டிடிஆர்3 றாம்களும் உண்டு. இன்ரெல் போர்ட்டில் அவை பயன்படா. சேவர்களுக்கான றெஜிஸ்டேர்ட் றாம்களும் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வீட்டுக் கணினி ஏற்காது.

மடிக்கணினியில் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். டிடிஆர்3 (தாளில் பிசி3) 1.5 வோல்ற்றிலும் டிடிஆர்3எல் (தாளில் பிசி3எல்) 1.35 வோல்ற்றிலும் இயங்குகின்றன. இரண்டின் வடிவமும் ஒன்றே. தாளில் பிசி3எல் என்றிருந்த றாமின் இடத்தில் பிசி3 என்பதை வைத்தால், புதிய மடிக்கணினிகள் அதை ஏற்க மறுக்கும். டிடிஆர்4, டிடிஆர்5 ஆகியவற்றின் வெட்டு வேறிடத்தில் இருப்பதால் மாறிப் பொருந்தாது. பொருந்தாததை அழுத்தி ஏற்ற முயன்று ஸ்லொட்டை உடைத்துவிடாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் றாம் வாங்கிவரச் சொல்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனை ஜீபி என்று மட்டும் சொல்லாமல், உள்ளே இருக்கும் றாமின் தாளைப் படமெடுத்து, போர்ட்டின் மாதிரி இலக்கத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இங்கு வாங்கினால் நாளைக்கே மாற்றலாம். பாரிஸில் வாங்கியதை யார் கொண்டுபோய் மாற்றுவது?

வாங்கிய றாமின் உண்மையான அளவில் ஐயம் இருந்தால், சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் எஸ்பிடி என்ற பகுதியைத் திறந்து, ஸ்லொட் ஒவ்வொன்றையும் தெரிவுசெய்து பாருங்கள். தாளில் 8 என்றும் இங்கே 4 என்றும் வந்தால் தாள்தான் பொய் சொல்கிறது. 3200 என்று விற்கப்பட்ட றாமுக்கு அந்த மென்பொருள் 1600 என்று வேகம் காட்டுவதைக் கண்டு சிலர் பாதி றாம் காணவில்லை என்று பதறுகிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் இரண்டு தடவை தரவு செல்வதால் அது சரியான எண்தான்.

பயோஸ் அமைப்புகள்

பழைய போர்ட்களில் மெமொறி றீமப் என்ற அமைப்பு நிறுத்தப்பட்டிருந்தால், 64 பிற்று விண்டோஸிலும் 4 ஜீபிக்கு உட்பட்ட இலக்கங்களைச் சாதனங்கள் எடுத்துக்கொள்ளும்; அந்த இடத்து றாமைப் போர்ட் மேலே நகர்த்தாமல் விட்டுவிடும். அதை இயக்கி வையுங்கள். எங்கே என்ன மாறியிருக்கிறது என்று தெரியாவிட்டால் டிஃபோல்ற் அமைப்புகளைத் திரும்ப ஏற்றலாம். அல்லது பிளக்கைக் கழற்றியபின் போர்ட்டிலுள்ள வட்டமான சிஆர்2032 பற்றரியை ஐந்து நிமிடம் எடுத்து வைக்கலாம். அதன்பின் திகதி பழையதாகிவிடும். அதைச் சரிசெய்யாவிட்டால் பல இணையத்தளங்கள் திறக்க மறுக்கும்.

புதிய பயோஸ் பதிப்பொன்று றாம் ஆதரவைக் கூட்டியிருக்கக்கூடும். தயாரிப்பாளரின் குறிப்பில் நினைவகத்தைப் பற்றி எழுதியிருந்தால் மட்டுமே இற்றைப்படுத்துங்கள். இடையில் மின்சாரம் நின்றால் போர்ட்டே செயலிழந்துவிடலாம். ஆகவே யூபிஎஸ் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இடி முழங்கும் மாலையில் யூபிஎஸ் இருந்தாலும் செய்யாதீர்கள்.

எண் சரியாக வந்தபின்

றாம் முழுவதும் தெரியத் தொடங்கிய அன்றிரவே ஒரு சோதனை ஓட்டுங்கள். களிம்பு பிடித்திருந்த றாம் எண்ணிக்கையில் வந்துவிட்டாலும், எழுதியதைத் தவறாகத் திருப்பிக் கொடுக்கலாம்; அது கோப்புகளைச் சத்தமின்றிக் கெடுக்கும். மெம்டெஸ்ட்86 பிளஸ் என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பி பென் ஒன்றில் எழுதி, கணினியை அதிலிருந்து தொடக்கினால் சோதனை தானாக ஓடும். குறைந்தது ஒரு முழுச் சுற்று முடிய வேண்டும். முடிந்தால் விடியும்வரை விடுங்கள். ஒரேயொரு பிழை வந்தாலும் அந்த றாமை வைத்திருக்கக் கூடாது. பிழை காட்டும் திரையையும் றாமின் தாளையும் படமெடுத்து, எந்த றாம் எந்த ஸ்லொட்டில் இருந்தபோது அது வந்தது என்பதையும் முதல் நாள் எழுதிய அதே தாளில் குறித்து, பற்றுச்சீட்டோடு கடைக்குக் கொண்டுசெல்லுங்கள்.